சவுக்கை நம்பாத குதிரை வீரர்

குதிரை வாங்கப் போகிறவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சிலர் நிறத்தைப் பார்ப்பார்கள். சிலர் முகத்தைப் பார்ப்பார்கள். வாலின் அழகைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

காலைப் பார், குளம்பைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார் ஒருவர். அஸ்திவாரம் சரியாக இல்லாவிட்டால், மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அந்த வீட்டால் பயன் இல்லை. அதுபோல, காலில் பழுது இருந்தால் குதிரையின் மற்ற அழகெல்லாம் வீண் என்றார் அவர்.

அவர் நேற்று இன்று வாழ்ந்தவர் அல்ல. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்தவர். பெயர், செனபோன்.

செனபோன் ஒரு போர் வீரர். சரித்திர ஆசிரியர். தத்துவ ஞானி சாக்ரடீசின் சீடர். குதிரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி, குட்டியைப் பழக்குவது எப்படி என்று அவர் எழுதிய சிறு நூல் இன்றும் அழியாமல் இருக்கிறது.

குதிரைக்குப் பயத்தை ஊட்டாதே, நம்பிக்கையை ஊட்டு என்பதுதான் அந்த நூலின் சாரம்.

இதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. போர்க்களத்திலும் பனி மலையிலும் குதிரையோடு குதிரையாகக் கிடந்து கற்றுக்கொண்டார்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

செனபோன் பிறந்தது ஏதென்ஸ் நகரத்தில். காலம் சுமார் கி.மு. 430. தந்தையின் பெயர் கிரில்லஸ்.

அந்தக் காலத்து ஏதென்சில் ஏழைகள் குதிரை வளர்க்க முடியாது. குதிரை என்றால் பெரும் செலவு. குதிரைப் படையில் சேர்ந்தவர்கள் எல்லாம் வசதி படைத்தவர்கள். செனபோனின் குடும்பம் அப்படிப்பட்ட குடும்பம்.

அப்போது ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும் போர் நடந்து கொண்டிருந்தது. கி.மு. 431-ல் தொடங்கிய போர் கி.மு. 404-ல்தான் முடிந்தது. செனபோனின் இளமைப் பருவம் முழுவதும் போர்க் காலம்.

அன்றைய குதிரை வீரனின் நிலையை நினைத்துப் பாருங்கள். இன்று இருப்பது போன்ற சேணம் அன்று கிடையாது. கால் வைத்து ஏறுவதற்கு அங்கவடியும் கிடையாது. குதிரையின் வெறும் முதுகில், அல்லது ஒரு துணியை விரித்து, அதன் மேல் உட்கார வேண்டும். ஏறுவதானால், ஈட்டியை ஊன்றி எம்பி ஏற வேண்டும். அல்லது பிடரி மயிரைப் பிடித்துத் தாவ வேண்டும்.

இப்படி உட்கார்ந்திருக்கும்போது குதிரை மிரண்டால் என்ன ஆகும்? வீரன் கீழே விழுவான். போர்க்களத்தில் விழுந்தவன் எழுந்திருப்பது அரிது.

ஆகவே, குட்டியை நன்றாகப் பழக்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. உயிர்ப் பிரச்சினை.

குறுக்கே வந்த கைத்தடி

செனபோன் சாக்ரடீசிடம் சேர்ந்தது பற்றி ஒரு கதை உண்டு.

ஒருநாள் செனபோன் ஒரு குறுகலான சந்தில் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த சாக்ரடீஸ், தன் கைத்தடியைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தார். இன்ன பொருள் எங்கே கிடைக்கும், அந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் செனபோன் பதில் சொன்னார்.

மனிதர்கள் நல்லவர்கள் ஆவது எந்த இடத்தில் என்று அடுத்தபடி கேட்டார் சாக்ரடீஸ்.

செனபோன் விழித்தார். பதில் தெரியவில்லை.

அப்படியானால் என்னோடு வந்து கற்றுக்கொள் என்று சாக்ரடீஸ் அழைத்துப் போனாராம்.

பாரசீகப் பயணம்

கி.மு. 401-ல் செனபோனின் வாழ்க்கை திசை மாறியது.

பாரசீக மன்னர் அர்டசெர்க்சசின் தம்பி சைரஸ், கூலிக்குக் கிரேக்க வீரர்களைத் திரட்டிக் கொண்டிருந்தார். செனபோனின் நண்பர் புரோக்சனஸ் அந்தப் படையில் இருந்தார். நீயும் வா என்று அவர் கடிதம் எழுதினார்.

போகலாமா, வேண்டாமா? செனபோன் சாக்ரடீசைக் கேட்டார். டெல்பி கோயிலுக்குப் போய்க் குறி கேட்டு வா என்றார் குரு.

செனபோன் டெல்பிக்குப் போனார். ஆனால், போகலாமா என்று கேட்கவில்லை. பயணம் நல்லபடி முடிய எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்!

போவது என்று நீயே முடிவு செய்துகொண்டு கேட்டிருக்கிறாயே என்று சாக்ரடீஸ் கண்டித்தார். இருந்தாலும், கேட்டது கேட்டாயிற்று, தெய்வம் சொன்னபடி செய்துவிட்டுப் போ என்று விடை கொடுத்தார்.

அதன்பிறகு செனபோன் தம் குருவைக் காணவே இல்லை. கி.மு. 399-ல் ஏதென்ஸ் நகரத்தார் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தபோது, சீடர் தூர தேசத்தில் இருந்தார்.

தலைவர்கள் இல்லாத படை

சைரசின் உண்மையான நோக்கம் போகப் போகத்தான் வீரர்களுக்குத் தெரிந்தது. அண்ணனைக் கவிழ்த்துவிட்டு அரியணை ஏறுவதே அவர் எண்ணம்.

பாபிலோனுக்கு அருகே குனாக்சா என்ற இடத்தில் போர் நடந்தது. சைரஸ் கொல்லப்பட்டார். கிரேக்க வீரர்கள் சுமார் 10,000 பேர், எதிரி நாட்டின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து ஓர் இடி விழுந்தது. சமாதானம் பேச வாருங்கள் என்று கிரேக்கத் தளபதிகளைப் பாரசீகர்கள் அழைத்தார்கள். நம்பிப் போனவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். புரோக்சனசும் அதில் ஒருவர்.

அன்று இரவு படையில் பலர் சாப்பிடவில்லை. பலர் தூங்கவில்லை. செனபோன் எழுந்து, மிஞ்சியிருந்த அதிகாரிகளைக் கூட்டித் தைரியம் சொன்னார். படை அவரையும் ஒரு தளபதியாகத் தேர்ந்தெடுத்தது.

எதிரிக்கு ஏராளமான குதிரைப் படை இருக்கிறது, நமக்கு ஒன்றும் இல்லையே என்று வீரர்கள் கலங்கினார்கள்.

குதிரை கடித்தோ உதைத்தோ போரில் செத்தவன் உண்டா என்று கேட்டார் செனபோன். குதிரை மேல் இருப்பவன் நம்மைக் கண்டும் பயப்படுகிறான். விழுந்துவிடுவோமோ என்றும் பயப்படுகிறான். நாமோ தரையில் உறுதியாக நிற்கிறோம் என்றார். வீரர்களுக்கு உற்சாகம் வந்தது.

ஆனால் வாய்ப் பேச்சோடு அவர் நிற்கவில்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் விரட்டி விரட்டித் தாக்கியபோது, மூட்டை சுமந்துகொண்டிருந்த குதிரைகளில் நல்லவற்றைப் பொறுக்கச் செய்தார். ஒரே இரவில் 50 பேர் கொண்ட குதிரைப் படை உருவாயிற்று!

குதிரையை விட்டு இறங்கிய தளபதி

ஒருநாள் ஒரு மலையுச்சியை எதிரிக்கு முன்னால் பிடிக்க வேண்டியிருந்தது. வீரர்கள் மூச்சு வாங்க ஓடினார்கள். செனபோன் குதிரை மேல் இருந்து, விரைவாக ஏறுங்கள் என்று ஊக்கம் கொடுத்தார்.

நீங்கள் குதிரை மேல் போகிறீர்கள், நான் கேடயத்தைச் சுமந்து சாகிறேன் என்று சொட்டிரிதஸ் என்ற வீரன் முணுமுணுத்தான்.

செனபோன் குதிரையிலிருந்து குதித்தார். அவனை வரிசையிலிருந்து விலக்கிவிட்டு, அவன் கேடயத்தைத் தாமே வாங்கிக்கொண்டு நடந்தார். ஏற்கனவே குதிரை வீரனுக்குரிய கனமான மார்புக் கவசம் அவர் உடம்பில் இருந்தது. தள்ளாடிக்கொண்டே ஏறினார்.

மற்ற வீரர்களுக்குப் பொறுக்கவில்லை. சொட்டிரிதசை அடித்துத் திட்டி, கேடயத்தைத் திரும்ப வாங்க வைத்தார்கள். செனபோன் மீண்டும் குதிரை ஏறினார்.

பனியில் கிடைத்த குட்டிகள்

படை வடக்கே அர்மீனியாவை அடைந்தது. கடுங்குளிர். எங்கு பார்த்தாலும் பனி. ஆட்களும் குதிரைகளும் விறைத்து விழுந்து இறந்தார்கள்.

வழியில் சில கிராமங்கள் வந்தன. குளிருக்கு அஞ்சி, பூமிக்குள் வீடு கட்டி வாழும் மக்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஊரில் 17 குதிரைக் குட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. பாரசீக மன்னருக்குக் கப்பமாகக் கட்டுவதற்காக வளர்த்த குட்டிகள் அவை. உருவத்தில் பாரசீகக் குதிரையைவிடச் சிறியவை. ஆனால் துடிப்பு மிகுந்தவை.

செனபோனின் குதிரைக்கு வயதாகிவிட்டது. நடந்து நடந்து இளைத்தும்விட்டது. அது வழியில் செத்துவிடுமோ என்று அவர் அஞ்சினார். அது சூரிய தேவனுக்குரிய குதிரை என்று கேள்விப்பட்டிருந்ததால், தேற்றிப் பலி கொடுக்கும்படி ஊர்த் தலைவரிடம் ஒப்படைத்தார். குட்டிகளில் ஒன்றைத் தமக்கு எடுத்துக்கொண்டு, மற்றத் தளபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

ஊர்த் தலைவர் ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்தார். பனியில் போகும்போது குதிரையின் கால்களில் சிறு பைகளைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குதிரை வயிறு வரை பனியில் புதைந்துவிடும் என்றார்.

சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு மலை மேல் முன்னணிப் படை பெரும் கூச்சல் போட்டது. எதிரிதான் தாக்குகிறான் என்று நினைத்தார் செனபோன். குதிரை ஏறி, குதிரைப் படையோடு பாய்ந்து போனார்.

எதிரி இல்லை. தூரத்தில் கருங்கடல் தெரிந்தது! கடலைக் கண்டால் ஊருக்குப் போன மாதிரி என்று வீரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

விற்ற குதிரை திரும்பி வந்தது

ஆனால் கஷ்டம் தீரவில்லை. கி.மு. 399-ல் லாம்ப்சகஸ் என்ற ஊருக்கு வந்தபோது, செனபோன் கையில் ஊர் போய்ச் சேரவும் காசு இல்லை. பத்தாயிரம் பேரைக் காப்பாற்றிக் கொண்டு வந்தவருக்கு வழிச் செலவுக்குப் பணம் இல்லை!

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ஆசையாக வைத்திருந்த குதிரையை விற்றார். விலை 50 பொற்காசு.

அப்போது படைக்குப் பணம் கொண்டுவந்த இரண்டு அதிகாரிகளுக்கு இந்தச் செய்தி எட்டியது. அந்தக் குதிரை மேல் செனபோனுக்கு எவ்வளவு பிரியம் என்பதையும் கேள்விப்பட்டார்கள். வறுமையால்தான் விற்றிருக்கிறார் என்று புரிந்துகொண்டு, தாங்களே குதிரையை மீட்டு அவரிடம் கொடுத்தார்கள். அவர் பணம் கொடுக்க முன்வந்தும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

நாடு கடத்தப்பட்டவர்

பிறகு செனபோன் ஸ்பார்ட்டா மன்னர் அஜிசிலாசோடு சேர்ந்தார். சொந்த ஊரான ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது.

ஸ்பார்ட்டாக்காரர்கள் ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கில்லஸ் என்ற ஊரில் அவருக்கு நிலம் கொடுத்தார்கள். அங்கே மனைவி பிலேசியா, மகன்கள் கிரில்லஸ், டியோடரஸ் ஆகியோருடன் வாழ்ந்தார். மூத்தவனுக்குத் தாத்தாவின் பெயர். வேட்டையும் விவசாயமும் எழுத்துமாக ஆண்டுகள் ஓடின. கி.மு. 371-க்குப் பிறகு அந்த நிலமும் கை நழுவியது. குடும்பம் கொரிந்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

சுற்றி அலைந்த வாழ்க்கையில் அவர் சேர்த்த செல்வம் அனுபவம் ஒன்றுதான். அதை வயதில் இளைய நண்பர்களுக்குக் கொடுக்க விரும்பினார். அதற்காகவே குதிரை நூலை எழுதினார்.

குட்டிக்கு முதல் பாடம்

பழக்காத குட்டியை வாங்கும்போது அதன் குணம் தெரியாது. உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார் செனபோன்.

குளம்பு தடிப்பாக இருக்க வேண்டும். அடிப்பாகம் குழிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குளம்பு தரையில் பட்டால் வெண்கலத் தாளம் போல ஒலிக்கும். கழுத்து காட்டுப்பன்றியைப் போல முன்னால் தொங்கக் கூடாது. சேவலைப் போல நிமிர்ந்திருக்க வேண்டும். மூக்குத் துவாரம் அகலமாக இருக்க வேண்டும்.

குட்டி எவ்வளவு உயரம் வளரும் என்று அறியவும் ஒரு வழி சொல்கிறார். பிறந்த குட்டியின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி பிறகு அதிகம் வளராது. மற்ற உடம்புதான் அதற்கு ஏற்றபடி வளரும்.

சரி, வாங்கியாயிற்று. அடுத்து என்ன?

குட்டியை நீயே பழக்க உட்காராதே, அதில் கைதேர்ந்தவரிடம் அனுப்பு என்கிறார். பிள்ளையைத் தொழில் கற்கக் குருவிடம் விடும்போது என்ன செய்கிறோம்? என்னென்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பேசி எழுதிக்கொள்கிறோம். அதையே குட்டிக்கும் செய்யச் சொல்கிறார்.

ஆனால் அனுப்புவதற்கு முன்பே, வீட்டில் முடிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. குட்டிக்கு மனிதன் மேல் பிரியம் வர வேண்டும்.

அது எப்படி வரும்? பசியும் தாகமும் ஈக்கடியும் தனியாக இருக்கும்போது வருகின்றன; தீனியும் தண்ணீரும் நிம்மதியும் மனிதன் வந்தால் வருகின்றன என்று குட்டி உணர வேண்டும். இப்படிச் செய்தால் குட்டி மனிதனை விரும்புவதோடு, எப்போது வருவான் என்று ஏங்கவும் செய்யும் என்கிறார்.

தடவிக் கொடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. மயிர் அடர்ந்த இடங்களையும், அரித்தால் குட்டி தானாகச் சொறிந்துகொள்ள முடியாத இடங்களையும் தடவிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் அதற்குச் சுகம் அதிகம்.

பிறகு குட்டியைக் கூட்டத்தின் நடுவே நடத்திப் போக வேண்டும். பல காட்சிகளையும் பல சத்தங்களையும் பழக்க வேண்டும். அது எதையாவது கண்டு மிரண்டால் அடிக்கக் கூடாது. அந்தப் பொருளை நீ தொட்டுக் காட்டு. குட்டியை மெதுவாக அதன் அருகே கொண்டு போ என்கிறார்.

அடித்தால் என்ன கெடுதல்? குட்டிக்கு ஏற்கனவே பயம். அந்த நேரத்தில் அடியும் விழுந்தால், இந்த வலியும் அந்தப் பொருளால்தான் வந்தது என்று அது நினைக்கும். பயம் இரட்டிப்பாகும்!

கோபத்தோடு குதிரையின் பக்கத்தில் போகவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. கோபம் கண்ணை மறைக்கும். பிறகு வருந்த வேண்டிய காரியத்தைச் செய்ய வைக்கும் என்றார்.

சொன்னபடி செய்த குதிரைக்கு உடனே கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும். பயிற்சி முடிந்ததும், உழைத்த அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். உழைத்த இடத்திலேயே ஓய்வும் கிடைக்கும் என்று குதிரை தெரிந்துகொள்ளும்.

அவர் சவுக்கை முழுவதும் விலக்கியவர் என்று சொல்ல முடியாது. பள்ளத்தைத் தாண்ட மறுக்கும் குதிரைக்கு முதல் தடவை பின்னாலிருந்து ஒரு பலமான அடி கொடுக்கச் சொல்கிறார். ஆனால் அதற்கு முன், ஆள் தானே தாண்டிக் காட்டி அழைக்க வேண்டும். ஒருமுறை தாண்டிவிட்டால் பிறகு அடி தேவைப்படாது என்கிறார்.

நாட்டியம் ஆடுகிறவனைச் சாட்டையால் அடித்து ஆட வைத்தால் அந்த ஆட்டத்தில் அழகு இருக்குமா? பலவந்தத்தால் குதிரை செய்யும் காரியமும் அப்படித்தான். இந்தக் கருத்தைத் தமக்கு முன்பு குதிரை நூல் எழுதிய சைமன் என்பவர் சொன்னதாக, மறைக்காமல் அவர் பெயரையும் குறிப்பிடுகிறார்.

மகன் விழுந்த களம்

செனபோனின் இரண்டு மகன்களும் ஏதென்சின் குதிரைப் படையில் சேர்ந்தார்கள். தந்தையை விரட்டிய ஊருக்காகப் பிள்ளைகள் போருக்குப் போனார்கள்.

கி.மு. 362-ல் மான்டினியாவில் போர் நடந்தது. குதிரைப் படையில் போரிட்ட கிரில்லஸ் வீர மரணம் அடைந்தான்.

செய்தி வந்தபோது செனபோன் தலையில் மலர் வளையம் சூடிப் பூஜை செய்துகொண்டிருந்தாராம். வளையத்தைக் கழற்றினார். மகன் வீரனாக விழுந்தான் என்று கேட்டதும், திரும்பவும் எடுத்துச் சூடிக்கொண்டார் என்று பழைய வரலாறு கூறுகிறது.

அதன்பின் சில ஆண்டுகள் வாழ்ந்து, சுமார் கி.மு. 354-ல் செனபோன் காலமானார்.

ஏதென்ஸ் நகரத்தில் சைமன் ஒரு வெண்கலக் குதிரையைச் செய்து வைத்திருந்தார். அந்தக் குதிரை இன்று இல்லை. சைமன் எழுதிய நூலிலும் சிறு பகுதியே மிஞ்சியது. செனபோனின் நூல் முழுவதும் நிலைத்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் குதிரைப் பிரியர்களால் படிக்கப்படுகிறது.

குட்டியைப் பழக்கும் பயிற்சியாளர்கள் பலர் இன்றும் முதல் நாளில் செய்வது அவர் சொன்ன வேலையைத்தான். வெறுங்கையோடு குட்டியின் பக்கத்தில் போகிறார்கள். கழுத்தைத் தடவிக் கொடுக்கிறார்கள்.